வேடியப்பனுக்குக் கவசம் இல்லை

கவசத்தைப் பற்றி ஒரு சண்டை போட வேண்டியிருக்கிறது. பார்க்க அற்பச் சண்டை மாதிரிதான் தெரியும். ஆனால் இதன் மறுமுனை எங்கள் மாவட்டத்தில் எரிந்துபோன வீடுகள் வரைக்கும் நீள்கிறது. அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

'பாகுபலி' 2015-இல் வந்தது. 'பொன்னியின் செல்வன்' 2022-இல் வந்தது. அதற்கப்புறம் பழைய காலத்துப் போர்வீரன் வேடம் கட்டுகிற ஆசை நம் ஆட்களை நன்றாகவே பிடித்துக்கொண்டது. கல்லூரி விழா, கல்யாண போட்டோஷூட், திருவிழா ஊர்வலம், ரீல்ஸ் என்று எங்கே பார்த்தாலும் ஃபோம் ஷீட்டில் வெட்டி, தங்கப் பெயின்ட் அடித்த மார்புக்கவசம். தோளில் சிங்கமுகம். முழங்கையில் ரெக்ஸின் பட்டை. கையில் ஆளுயரத்துக்கு ஒரு வாள். கீழே 'சோழப் படைவீரன்' என்றோ 'அதியமான் படை' என்றோ ஒரு தலைப்பு. என்னய்யா இது என்று கேட்டால், "வரலாற்றை ரீஎனாக்ட் பண்றோம் ப்ரோ" என்று பதில் வருகிறது.

வேடம் கட்டுவதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கூத்தில் கட்டாத வேடமா? தெருக்கூத்துக்காரர் பூசுகிற புஜக்கட்டையும் மார்புப் பதக்கத்தையும் பார்த்து "பாண்டவர் காலத்தில் இது இருந்ததா" என்று கேட்பவன் முட்டாள். ஆனால் கூத்துக்காரர் அதை வரலாறு என்று விற்பதில்லை. விற்கிறவர்களோடுதான் என் வழக்கு.

ரீஎனாக்ட்மென்ட் என்ற சொல்லை எங்கிருந்து எடுத்தோமோ அங்கே அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்போம். ஸ்வீடனின் காட்லாந்து தீவில் விஸ்பி என்றொரு ஊர். 1361 ஜூலையில் டென்மார்க் அரசன் வால்டெமாரின் கூலிப்படை அந்த ஊர் மதிலுக்கு வெளியே தீவின் குடியானவர்களை வெட்டிச் சாய்த்தது. வெயில் காலம், பிணங்கள் ஏராளம். அதனால் பலரைப் போட்டிருந்த கவசத்தோடேயே குழியில் தள்ளி மூடிவிட்டார்கள். 20-ஆம் நூற்றாண்டில் தோண்டியபோது 1,000-க்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள் கிடைத்தன. கிழவர்கள், பையன்கள், பழைய காயத்தால் நொண்டியவர்கள் எல்லாம் அதில் இருந்தார்கள். இரும்பு வளையச் சட்டையும், தோலுக்குள் தகடு தைத்த மேலாடையும் அந்தக் குழியிலிருந்தே வந்தன. பெங்ட் தோர்டெமன் என்ற ஆய்வாளர் அவற்றை ஒவ்வொரு தகடாக அளந்து எழுதிய நூல்தான், இன்று ஐரோப்பாவில் 14-ஆம் நூற்றாண்டுக் கவசம் செய்கிற எவருக்கும் பாலபாடம். ஒரு ஆணி எத்தனை மில்லிமீட்டர் என்பதற்குக்கூட அங்கே செத்துப்போன ஒரு குடியானவன் சாட்சி.

நமக்கு யார் சாட்சி? சினிமா போஸ்டர்.

சாட்சி இல்லாத ஊர் என்றால்கூடப் போகட்டும் என்று விடலாம். தமிழ்நாட்டில் ஆயுதத்துக்குச் சாட்சி வேண்டும் என்றால் முதலில் பஸ் ஏற வேண்டிய இடம் எங்கள் தர்மபுரி. தொல்லியல் துறை 1972-இல் 'செங்கம் நடுகற்கள்' நூலையும் 1975-இல் 'தருமபுரி கல்வெட்டுகள்' நூலையும் கொண்டுவந்தது. தர்மபுரி அகழ்வைப்பகத்தில் நடுகற்கள் வரிசையாக நிற்கின்றன. அதற்கு வெளியே வயல் வரப்பிலும் புளியமரத்தடியிலும் இன்னும் நிறைய. பல ஊர்களில் அந்தக் கல்லுக்கு 'வேடியப்பன்' என்று பெயர். எண்ணெய் தடவி, மஞ்சள் பூசி, பொங்கல் வைக்கிறார்கள். ஆயிரத்துச் சொச்சம் வருசத்துக்கு முன் செத்த ஒரு சிப்பாய் இன்றைக்கும் படையல் வாங்குகிறான் என்றால், அந்த ஆளிடம் கேட்காமல் வேறு யாரிடம் போய்க் கேட்பது?

கேட்டுப் பாருங்கள். பல்லவர் காலத்துக் கல் ஒன்றின் முன் உட்கார்ந்து தலையிலிருந்து கால்வரை பார்த்தால் கிடைப்பது இதுதான்: தலையில் கிரீடமோ இரும்புத் தொப்பியோ கிடையாது, முடிந்த கொண்டை. மார்பு வெறும் மார்பு. இடுப்பில் இறுக்கிக் கட்டிய சின்னத் துணி, அதில் செருகிய குறுவாள். ஒரு கையில் வில், மறு கையில் வாளோ அம்போ. சிலரிடம் சின்னக் கேடயம். நீண்ட வீச்சுவாள் அல்ல, கைக்கு அடக்கமான வாள். உடம்பில் அம்பு பாய்ந்து நிற்கிறது. காலடியில் மாடு. சில கல்லில் பக்கத்தில் ஒரு கெண்டி, ஒரு சிமிழ். அவ்வளவுதான்.

இந்த வெறும் மார்பைச் சிற்பியின் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, இங்கே தையற்காரனுக்கு வேலையே இல்லை, எல்லோரும் துணியில்லாமல்தான் திரிகிறார்கள், போருக்குப் போகும்போதும் ஈட்டியும் கேடயமும் மட்டும்தான் என்று எழுதினான். அதோடு நம்மாட்களை மோசமான சிப்பாய்கள் என்றும் சொல்லிவைத்தான். அந்த வசையை நீங்கள் ஏற்க வேண்டாம். ஆனால் உடுப்பைப் பற்றி அவன் சொன்னதும் நம் கல் சொல்வதும் ஒன்றாகவே இருக்கிறது.

கவசமே தெரியாத சனமா நாம் என்று சிலர் கோபப்படுவார்கள். தெரியும். பதிற்றுப்பத்து சேர அரசனை வீரர்களின் 'மெய்ம்மறை' என்று அழைக்கிறது. மெய்யை மறைப்பது, அதாவது கவசம். விஜயநகர, நாயக்கர் காலத்துக்கு வந்தால் திருவரங்கத்துச் சேஷராயர் மண்டபத்துக் குதிரைவீரர்கள் இருக்கிறார்கள். தக்காணத்துச் சுல்தான்களின் படைகளில் இரும்பு வளையச் சட்டை இருந்தது. கேள்வி கவசம் இருந்ததா என்பதல்ல. யாரிடம் இருந்தது?

ஒரு வளையச் சட்டைக்கு 20,000 வளையங்களுக்கு மேல் வேண்டும். ஒவ்வொன்றையும் கம்பியிலிருந்து வெட்டி, வளைத்து, நுனி தட்டி, ஆணி அடித்து மூட வேண்டும். சட்டையின் எடை 10 கிலோவைத் தாண்டும். இரும்புக்கு எங்கள் பக்கம் பஞ்சமில்லை. பழைய தர்மபுரி மாவட்டத்தில் இருந்து 2004-இல் பிரிந்த கிருஷ்ணகிரியின் மயிலாடும்பாறையில், இரும்பின் காலம் பொ.ஆ.மு. 2172 வரை போகிறது என்று 2022-இல் அறிவித்தார்கள். 1965 வரை எங்கள் தாய்மாவட்டமாக இருந்த சேலத்தின் எஃகை, மண்மூசையில் ஆவாரங்குச்சியும் எருக்கிலையும் போட்டு மூடிக் காய்ச்சுகிற முறையை, ஹீத் என்ற வெள்ளைக்காரர் 19-ஆம் நூற்றாண்டில் விவரமாக எழுதிவைத்தார். ஒரு மூசைக்குக் கிடைப்பதோ கையில் அடங்கும் ஒரு கட்டி. அந்தக் கட்டி அம்புமுனைக்குப் போகும், கத்திக்குப் போகும், கொழுவுக்குப் போகும். மாடு மேய்க்கிறவனின் மார்புக்கு எப்படிப் போகும்? பங்குனி வெயிலில் மொரப்பூர்க் காட்டில் மாட்டுக்குப் பின்னால் ஓடுகிறவனுக்கு 10 கிலோ இரும்பைக் கொடுத்தாலும் அவனே கழற்றி எறிந்துவிடுவான்.

ஆக, ஃபோம் கவசம் செய்கிற பொய் இரண்டு. உடுப்பைப் பற்றிய பொய் ஒன்று, அது சின்னது. உடுத்தியவன் யார் என்பதைப் பற்றிய பொய் பெரியது. படையில் இருந்த எல்லோரையும் அது ராஜா ஆக்கிவிடுகிறது.

கல்லில் இருப்பவர்கள் ராஜா இல்லை. அரசன் பெயர் ஆட்சி ஆண்டைச் சொல்வதற்காக முதல் வரியில் வருகிறது. அதற்குப் பிறகு வருவது யாரோ ஒருவரின் சேவகன், யாரோ ஒருவரின் இளமகன். சண்டை எதற்காக? தொறுவுக்காக, அதாவது மாட்டு மந்தைக்காக. மாட்டைக் கவரப் போய்ச் செத்தவனுக்கும் கல் உண்டு, மீட்கப் போய்ச் செத்தவனுக்கும் கல் உண்டு. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்றில் எருமைகளைக் காத்துச் செத்தவனோடு அவன் நாயும் நிற்கிறது. கோவிவன் என்று அதன் பெயரையும் வெட்டியிருக்கிறார்கள். கள்ளரைக் கடித்ததற்காக நாய்க்கு மரியாதை செய்த ஊர் இது. அந்த ஊரின் பிள்ளைகள் தோளில் சிங்கமுகம் வைத்துக்கொண்டு அலைகிறோம்.

அதியமான் படை என்று தலைப்புப் போடுகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. தகடூர் என்கிற இந்தத் தர்மபுரியின் அதியமானுக்காக ஔவை தொண்டைமானிடம் தூது போன கதை புறநானூற்றின் 95-ஆம் பாட்டில் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். தொண்டைமானின் ஆயுதங்கள் பீலி சூட்டி, நெய் பூசி, காவல் மாளிகையில் பளபளக்கின்றன. அதியமானின் ஆயுதங்கள் நுனி முறிந்து கொல்லன் கொட்டிலில் கிடக்கின்றன. ஔவை எதைப் பார்த்துச் சிரித்தாள்? பளபளப்பை. இப்போது உங்கள் போட்டோவை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அதியமான் பெயரில் தொண்டைமான் வேடம் கட்டியிருக்கிறீர்கள் தம்பி.

உண்மையான ஆயுதங்களுக்கு நாம் செய்த மரியாதையையும் சொல்லிவிடுகிறேன். தஞ்சாவூர் மராட்டிய அரசு 1855-இல் முடிந்த பிறகு அதன் ஆயுதக்கிடங்கில் பெரும்பகுதி பழைய இரும்பாக உடைபட்டது. தப்பியதில் ஒரு பங்கு எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கட்டாரி ஒன்றில் கைப்பிடியும் அலகும் எப்படிப் பொருந்துகின்றன என்று கண்ணாடிக்கு இந்தப்பக்கம் நின்று பார்க்கலாம். சென்னையில் சினிமா கவசம் வாடகைக்கு எடுக்கப் போகிறவர்களில் எத்தனை பேர் அங்கே எட்டிப் பார்த்திருப்பார்கள்?

இனி மறுமுனைக்கு வருகிறேன்.

2012 நவம்பர் 7 அன்று, நாயக்கன்கொட்டாய் பக்கம் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி என்ற மூன்று இடங்களில் தலித் மக்களின் 200-க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. காரணம் ஒரு காதல் கல்யாணம். வாள் வேடம் கட்டியதால் அது நடந்தது என்று நான் சொல்லவில்லை. அது அபத்தம். ஆனால் இந்த மாவட்டத்தில் திருவிழா ஃப்ளெக்ஸ் ஒன்றை நிமிர்ந்து பார்த்திருப்பவர்களுக்கு நான் சொல்வது புரியும். கவசம், வாள், குதிரை, கீழே 'ஆண்ட பரம்பரை'. எந்தச் சாதி என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆளுக்கொரு ஃப்ளெக்ஸ் வைத்திருக்கிறோம். நம் தாத்தன் எல்லாம் கவசம் போட்ட ராஜா என்றால், அடுத்த தெருவுக்காரனின் தாத்தன் யார்? அந்தப் படத்தில் அவனுக்கு இடமே இல்லை, அல்லது காலடியில் இடம். அந்தக் கணக்கு தலைக்குள் ஏறின பிறகு, காலடியில் இருக்க வேண்டியவன் சம்பந்தியாக வந்தால் ரத்தம் கொதிக்கத்தான் செய்யும்.

வெறும் மார்போடு மாட்டுக்காகச் செத்த சேவகனைத் தாத்தன் என்று வைத்துக்கொண்டால் அந்தக் கணக்கு நிற்காது. அதனால்தான் ஃப்ளெக்ஸில் அவன் வருவதில்லை.

"பையன்கள் ஜாலிக்குப் பண்றாங்க, இப்படியாவது வரலாற்றுப் பக்கம் வரட்டுமே" என்பார்கள். நியாயமான பேச்சுதான். விஸ்பியிலும் வருசாவருசம் கோடையில் இடைக்கால வாரம் என்று கொண்டாட்டம் நடக்கிறது, குடிக்கிறார்கள், ஆடுகிறார்கள். ஜாலி வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் ஃபோம் கவசத்தின் வழியாக வருகிறவன் வரலாற்றுக்கு வருவதில்லை, இன்னொரு ஃபோம் கவசத்துக்குத்தான் போகிறான். அடுத்த முறை சிங்கமுகம் இன்னும் பெரிதாக இருக்கும், அவ்ளோதான் வளர்ச்சி.

செய்ய வேண்டும் என்றால் செய்ய ஆயிரம் வேலை கிடக்கிறது. ஒரு நடுகல்லின் உருவத்தில் வாளின் நீளம் முன்கையில் எத்தனை பங்கு என்று படம் எடுத்து அளந்து பாருங்கள். வில்லின் வளைவை வரைந்துகொள்ளுங்கள். கும்பிடுகிற கல் என்றால் பூசாரியிடம் கேட்டுவிட்டுத் தொடுங்கள். சாக்பீஸ் பூசாதீர்கள், பெயின்ட் அடிக்காதீர்கள். அந்த அளவை எடுத்துக்கொண்டு கொல்லன் பட்டறைக்குப் போங்கள். லாரி ஸ்பிரிங் பட்டையை அடித்து அரிவாள் ஆக்குகிறவரிடம், இந்த வளைவு எதற்கு, இந்தக் கனம் எங்கே இருக்க வேண்டும் என்று கேளுங்கள். வாள் அடித்துத் தரச் சொல்ல வேண்டாம், மரத்தில் இழைத்துக்கொண்டால் போதும். அப்புறம் கவசம் இல்லாமல், கொண்டை முடிந்து, சித்திரை வெயிலில் கேடயத்தோடு ஒரு மணிநேரம் கரட்டில் ஓடிப் பாருங்கள். அம்புக்கு முன்னால் வெறும் மார்போடு நிற்பது எவ்வளவு பயமான காரியம் என்று அந்த ஒரு மணிநேரம் சொல்லும். எந்தப் படமும் அதைச் சொல்லாது.

அந்தக் கல்வெட்டுகளில் திரும்பத் திரும்ப வருகிற வினைச்சொல் ஒன்று உண்டு: பட்டான். விழுந்தான், செத்தான் என்று அர்த்தம். வென்றான் என்றோ ஆண்டான் என்றோ அவனைப் பற்றிச் சொல்வதில்லை. அவன் வேடத்தை யார் வேண்டுமானாலும் கட்டலாம். ஆனால் கட்டுகிறவனுக்கு அந்தச் சொல்லின் அர்த்தம் தெரிந்திருக்க வேண்டும்.