அறையில் இடம் கேட்டால் இரத்தச் சான்றா?

மும்பையின் மின்சார ரயிலில் நாள்தோறும் தொங்கிக்கொண்டு போகும் நம் மக்களுக்கு அந்தச் சுவரொட்டி நன்றாகத் தெரியும். கதவோரத்தில், இருக்கைக்கு மேலே, மின்விசிறிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும். 'குப்த் ரோக்' என்று கொட்டை எழுத்து. அதாவது இரகசிய நோய். கீழே ஒரு கைப்பேசி எண். ஒரே வாரத்தில் குணம், பெயர் வெளியே வராது என்ற வாக்குறுதி.

நாம் கேட்கிறோம்: காய்ச்சலுக்கு இல்லாத இரகசியம், வயிற்றுப்போக்குக்கு இல்லாத இரகசியம் இந்த நோய்க்கு மட்டும் எங்கிருந்து வந்தது? இந்த இரகசியத்தால் கொழுப்பவர் யார்? சாகிறவர் யார்?

பால்வினை நோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே குற்றம். 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. முதல் முறை அகப்பட்டால் ஆறு மாதம் வரை சிறை. சட்டம் வந்து எழுபது ஆண்டு தாண்டிவிட்டது. டிக்கெட் இல்லாத ஏழையைப் பிடித்து இறக்கும் அதிகாரத்துக்கு, பெட்டிக்குப் பெட்டி ஒட்டியிருக்கும் இந்தக் குற்றம் கண்ணில் படவே இல்லை!

போலியின் முதலீடு

இந்த வியாபாரத்தின் சூட்சுமத்தை நம் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நம் பாட்டன்மார் கிரந்தி என்று சொன்ன சிபிலிஸ் நோயில் முதலில் வரும் புண் பெரும்பாலும் வலிப்பதில்லை. மருந்து போட்டாலும் போடாவிட்டாலும் மூன்று முதல் ஆறு வாரத்தில் அது தானாகவே ஆறிவிடும். அந்த ஆறு வாரம்தான் போலி மருத்துவனின் முதலீடு! அவன் கொடுத்த லேகியத்தைத் தின்றவன், புண் ஆறியதும் 'கைராசிக்காரர்' என்று நாலு பேரிடம் சொல்கிறான். கிருமியோ உடம்புக்குள்ளேயே இருக்கிறது. பல ஆண்டு கழித்து இதயத்தையும் மூளையையும் அது தாக்கக்கூடும். கருவுற்ற மனைவிக்குத் தொற்றினால் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கே எமனாகும். ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் அரசு மருத்துவமனையில் போடும் ஒரு தவணை பென்சிலின் போதும். ஆயிரக்கணக்கில் பிடுங்கிக்கொண்டு போலி கொடுக்காதது அது ஒன்றுதான்.

வெட்டை நோய்க்கும் இதே கதை. அரைகுறையாக விழுங்கிய மாத்திரை கிருமியைக் கொல்வதில்லை, அதற்குப் பயிற்சி கொடுக்கிறது. அடுத்த முறை மருந்தே வேலை செய்யாமல் போகிறது. பெண்களில் பலருக்கு இந்த நோய் அறிகுறியே காட்டாது. கணவன் மட்டும் இரகசியமாக மருந்து சாப்பிட்டு வீட்டுக்குப் போனால் நோய் அவனுக்கே திரும்பி வரும். ஒற்றைத் தண்டவாளத்தில் வண்டி ஓடுமா? இருவருக்கும் சேர்த்துச் சிகிச்சை செய்தால்தான் குணம்.

ஒழுக்கம் பேசும் அண்ணாச்சிமாருக்கு

இவ்வளவும் வெளியார் செய்யும் கொடுமை. இனி நம் வீட்டுக்குள் நடப்பதைப் பேசுவோம்.

ஊரிலிருந்து புதிதாக வரும் இளைஞர்களுக்கு நம் சங்கம் தங்க இடம் கொடுத்து வருகிறது. ஓர் அறையில் பத்துப் பேர், பன்னிரண்டு பேர். இனிமேல் இரத்தப் பரிசோதனைச் சான்று கொண்டு வருகிறவனுக்கே இடம் என்று தீர்மானம் போட வேண்டும் என்கிறார்கள் நம் பெரியவர்கள் சிலர். அவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மற்றப் பிள்ளைகளைக் காப்பாற்றவே சொல்கிறார்கள். ஆனால் இந்தத் தீர்மானம் ஒருவரையும் காப்பாற்றாது என்பதே நம் வாதம்.

முதலாவது, எச்.ஐ.வி. கிருமி ஒரே அறையில் படுப்பதால் தொற்றாது. ஒரே தட்டில் சாப்பிட்டாலும், ஒரே கழிப்பறைக்குப் போனாலும், கொசு கடித்தாலும் தொற்றாது. பாதுகாப்பற்ற உடலுறவு, இரத்தம், பலர் போட்ட ஊசி, தாயிடமிருந்து பிள்ளை ஆகியவையே அதன் வழிகள்.

இரண்டாவது, கிருமி நுழைந்த உடனே சாதாரணப் பரிசோதனையில் தெரியாது. மூன்று மாதம் வரை கூட ஆகலாம். ஆகவே திங்கட்கிழமை வாங்கிய 'சுத்தமானவன்' என்ற சான்று, அதற்கு முந்தைய வாரத்தைப் பற்றியே ஒன்றும் உறுதி சொல்லாது. அடுத்த வாரத்தைப் பற்றி என்ன சொல்லும்? சான்றை நம்பி எச்சரிக்கையைக் கைவிடுவதுதான் உண்மையான ஆபத்து.

மூன்றாவது, சட்டம் இதை அனுமதிக்கவில்லை. 2017இல் நிறைவேறி 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி. தடுப்புச் சட்டத்தின்படி, ஒருவரின் விவரமறிந்த சம்மதம் இல்லாமல் இந்தப் பரிசோதனை செய்யக்கூடாது. முடிவை வெளியே சொல்லக்கூடாது. நோயைக் காட்டி வேலையோ, பள்ளியோ, குடியிருக்க இடமோ மறுக்கக்கூடாது. இதற்கும் முன்னரே, 1997இல், இதே மும்பையின் உயர் நீதிமன்றம் ஒரு கூலித் தொழிலாளியின் வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. உடலில் தெம்பிருக்கும் தொழிலாளியை எச்.ஐ.வி. இருப்பதற்காக மட்டும் வேலையை விட்டுத் துரத்த முடியாது என்பதே அந்தத் தீர்ப்பு. பொதுத்துறை நிறுவனத்தால் செய்ய முடியாததைத் தொழிலாளர் சங்கம் செய்யலாமா?

இன்னும் சிலர், "ஒழுக்கமாக இருந்தால் நோய் ஏன் வருகிறது?" என்கிறார்கள். 2018 டிசம்பரில் விருதுநகர் மாவட்டம் சாத்தூரில் இரத்தம் ஏற்றிக்கொண்ட கர்ப்பிணிப் பெண்ணுக்கு, ஏற்றிய இரத்தத்தின் வழியே எச்.ஐ.வி. தொற்றியது. அந்தத் தாயிடம் போய்க் கேளுங்கள் இந்தக் கேள்வியை! 2018 தொடக்கத்தில் உத்தரப் பிரதேசத்தின் உன்னாவ் மாவட்டத்தில், ஒரே ஊசியை ஊரெல்லாம் குத்திய போலி மருத்துவனால் நாற்பதுக்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்றியதாகச் செய்தி வந்ததே, அவர்களிடம் கேளுங்கள்! 2009இல் குஜராத்தின் மொடாசா பக்கம், பயன்படுத்திய ஊசியை மறுபடி பயன்படுத்தியதால் ஹெபடைடிஸ்-பி பரவிப் பலர் மாண்டார்களே, அவர்கள் வீட்டில் போய்க் கேளுங்கள்! கிருமிக்கு ஒழுக்கமும் தெரியாது, ஒழுக்கக்கேடும் தெரியாது. வழி திறந்திருந்தால் வரும், அடைத்திருந்தால் வராது.

துரத்தியடித்தவர்களின் வரலாறு

நோயை விட்டுவிட்டு மனிதரைப் பிடித்து அடைப்பது புதிய யோசனை அல்ல. வெள்ளைக்காரன் 1868இல் இந்தியாவில் தொற்று நோய்ச் சட்டம் கொண்டுவந்தான். பட்டாளத்துச் சிப்பாய்க்கு நோய் வராமலிருக்கப் பெண்களைப் பதிவு செய்து, கட்டாயப் பரிசோதனை செய்து, பூட்டிய மருத்துவமனையில் அடைத்தான். சிப்பாயை யாரும் பூட்டவில்லை. எதிர்ப்பு வலுத்து 1888இல் அந்தச் சட்டம் நீங்கியது.

சட்டம் போனது, புத்தி போகவில்லை. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986இல், சென்னையில், மருத்துவர் சுனிதி சாலமனும் நிர்மலாவும் செய்த ஆய்வில். மூன்றே ஆண்டில், 1989இல், கோவாவில் இரத்த தானம் செய்த டொமினிக் டிசோசா என்ற இளைஞரை, கிருமி இருப்பதாகக் கூறிக் காவலர் பிடித்துப் போய்ப் பழைய காசநோய் விடுதியில் தனியே அடைத்தார்கள். 1990இல் மும்பையின் விடுதிகளிலிருந்து தமிழ்ப் பெண்கள் எண்ணூறுக்கும் மேற்பட்டோரைத் தனி ரயிலில் ஏற்றிச் சென்னைக்கு அனுப்பினார்கள். அந்த வண்டிக்கு வைத்த பெயர் 'முக்தி எக்ஸ்பிரஸ்'! போய்ச் சேர்ந்தவர்களுக்கு முதலில் கிடைத்தது இரத்தப் பரிசோதனை. அவர்கள் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. பிழைக்க வழி கொடுக்காத விடுதலை என்ன விடுதலை? ரயில்வேயில் வேலை பார்க்கும் நமக்கு எத்தனையோ சிறப்பு வண்டிகள் தெரியும். இப்படி ஒரு வண்டி நம் பெண்களை ஏற்றிப் போனதை நாம் மறக்க முடியாது.

நம் தந்தையர் காலத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1966க்குப் பிறகு இந்த நகரத்தில் தென்னிந்தியர் என்றாலே வேலையைப் பறிக்க வந்த கூட்டம் என்று துரத்தினார்கள். கடைகளை உடைத்தார்கள். அன்று நம்மைப் பார்த்து 'நீ யார், உனக்கு இங்கே என்ன வேலை' என்று கேட்டவர்களுக்கும், இன்று ஊரிலிருந்து வந்து இறங்கும் பையனிடம் இரத்தச் சான்று கேட்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?

'பாலம்' என்று ஒரு பட்டம்

அரசின் எய்ட்ஸ் கட்டுப்பாட்டு ஏடுகளில் நமக்கு ஒரு பெயர் உண்டு. இடம்பெயர்ந்த தொழிலாளரையும் தொலைதூர லாரி ஓட்டுநரையும் 'பாலம்' என்ற வகையில் எழுதுகிறார்கள். நோய் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு நம் முதுகின் மேல் நடந்து போகிறதாம்! மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டு, ஆண்டுக்கு ஒரு முறை பொங்கலுக்கு மட்டும் முகம் பார்க்கும் வாழ்க்கையை நாமா விரும்பி ஏற்றோம்? குடும்பத்தோடு குடியிருக்கக் கூலி கொடுக்காத முதலாளிக்கு அந்த ஏட்டில் என்ன பெயர்?

மருத்துவமனையிலும் கழிவுக் கிடங்கிலும் துப்புரவு செய்யும் நம் சகோதரிகளின் கையில் குத்தும் ஊசிக்கு யார் பொறுப்பு? 2016ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகளின்படி ஊசியைத் துளைக்க முடியாத பெட்டியில் போட வேண்டும். கழிவைக் கையாளும் ஒவ்வொருவருக்கும் ஹெபடைடிஸ்-பி தடுப்பூசி போட வேண்டும். உங்கள் வீட்டில் அந்த வேலைக்குப் போகிறவரைக் கேளுங்கள், ஒப்பந்தக்காரர் எத்தனை ஊசி போட்டார் என்று!

மருந்து விஷயத்திலும் அப்படித்தான். 2004 ஏப்ரல் முதல் எச்.ஐ.வி. மருந்து அரசு மையங்களில் இலவசம். போராடிப் பெற்ற உரிமை இது. ஆனால் 2017ஆம் ஆண்டுச் சட்டம், மருந்து கொடுப்பது 'இயன்றவரை' என்று எழுதிவைத்தது. அந்த ஒரு சொல்லின் விலையை 2022இல் பார்த்தோம். மருந்து தட்டுப்பாட்டைக் கண்டித்து, கிருமியோடு வாழும் மக்கள் டெல்லியில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் அலுவலகத்தில் ஒரு மாதத்துக்கு மேல் உட்கார்ந்து போராடினார்கள். இந்த நாட்டில் சுமார் 25 லட்சம் பேர் எச்.ஐ.வி.யோடு வாழ்கிறார்கள் என்பது 2023ஆம் ஆண்டின் அரசு மதிப்பீடு. 'இயன்றவரை' உயிர் வாழ்ந்துகொள்ளுங்கள் என்று இத்தனை பேரிடம் ஓர் அரசு சொல்லலாமா?

நம் மாற்றுத் தீர்மானம்

சான்றுக்குப் பதில் சங்கம் செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறோம்.

அறையில் ஒவ்வொருவருக்கும் தனிச் சவரக் கத்தி, தனிப் பல்துலக்கி. ஹெபடைடிஸ்-பி கிருமி உடம்புக்கு வெளியே ஏழு நாள் வரை கூட உயிரோடிருக்கும் என்பதால் இது சின்ன விஷயம் அல்ல. நாவிதர் கடையில் புது பிளேடு போடச் சொல்லிக் கேட்க வெட்கப்படக் கூடாது. அந்தக் கிருமிக்குத் தடுப்பூசி உண்டு. வளர்ந்தவர்களுக்கு மூன்று தவணை. பிறந்த குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி.

ஆணுறையை நம் கூடத்தில் ஒரு பெட்டியில் வைக்க வேண்டும். கேட்காமலே எடுத்துப் போகட்டும். 1968 முதல் நிரோத் விற்கும் நாட்டில், அந்தப் பெயரைச் சொல்ல இன்னும் கூச்சமா?

பரிசோதனை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அவரவர் விருப்பத்தில், இரகசியம் காக்கும் அரசு மையத்தில், இலவசமாகச் செய்துகொள்ளட்டும். 1097 என்ற எண்ணில் கட்டணமின்றி விவரம் கேட்கலாம். பால்வினை நோய்க்கு அரசு மருத்துவமனைகளில் 'சுரக்ஷா' சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. அங்கே இந்தி தெரியாத தாய்மாருக்குத் துணையாக வர, சங்கம் இரண்டு பெண் தோழர்களை நியமிக்க வேண்டும்.

ஊசி குத்திவிட்டாலோ, ஆணுறை கிழிந்துவிட்டாலோ 72 மணி நேரத்துக்குள் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். 28 நாள் மருந்தில் எச்.ஐ.வி.யைத் தடுக்க முடியும். ஹெபடைடிஸ்-சி வந்தவரும் அஞ்ச வேண்டாம். பெரும்பாலோருக்கு 12 வார மாத்திரையில் குணமாகிறது. 2018 முதல் அரசுத் திட்டத்தில் அதுவும் இலவசம். எச்.ஐ.வி. வந்தவர் நாள்தோறும் மாத்திரை சாப்பிட்டு, இரத்தத்தில் கிருமி தென்படாத நிலையில் தொடர்ந்து இருந்தால், உடலுறவின் வழியே அவரிடமிருந்து பிறருக்குத் தொற்றாது. கருவுற்ற தாய் மருந்து சாப்பிட்டால் நூறு பிள்ளைகளில் தொண்ணூற்றைந்துக்கு மேல் கிருமியின்றிப் பிறக்கும்.

பெரியவர்களே, தோழர்களே! இரத்தச் சான்று கேட்டால் என்ன நடக்கும்? நோய் உள்ளவன் சான்று கொண்டுவர மாட்டான். நம் அறைக்கும் வரமாட்டான். நடைபாதையில் படுப்பான். ரயிலில் ஒட்டியிருக்கும் அந்தக் கைப்பேசி எண்ணைத்தான் அழைப்பான். மருந்து கிடைக்காமல், ஊருக்கும் போக முடியாமல், கேட்பாரற்றுச் சாவான். அவன் யாரோ அல்ல. உங்கள் ஊர்க்காரன், உங்கள் தெருக்காரன், உங்கள் தங்கை மகன்.

வருகிற பொதுக்குழுவில் இந்தத் தீர்மானம் வாக்குக்கு வரும்போது கையைத் தூக்குமுன் அவன் முகத்தை எண்ணிப் பாருங்கள். தீர்மானத்தைத் தோற்கடிப்போம். அறைக் கதவைத் திறந்தே வைப்போம்.