தவளைக்கண் பொய் சொல்வதில்லை



கொச்சைச் சொல் மொழிக்குக் கேடு, முறையான சொல்லே மொழிக்கு அழகு என்று மாணவர்களுக்கு ஓயாமல் ஓதி வருகிறோம். கட்டுரை ஏட்டில் ஒரு பட்டப்பெயர் தலைகாட்டினால் போதும். சிவப்பு மை பாய்ந்துவிடுகிறது. இப்பழக்கத்தை நான் வன்மையாகக் கண்டிக்கிறேன். அதற்கான சான்றுகளைப் பழைய ஸ்போர்ட்ஸ் மகிழுந்துகளைப் போற்றிக் காக்கும் ஆர்வலர்களின் பேச்சிலிருந்தே எடுத்து வைக்கிறேன். (தமிழாசிரியருக்கு மகிழுந்தில் என்ன வேலை என்பவர்கள் சற்றே பொறுத்தருள்க.)

1958-இல் இங்கிலாந்தில் ஆஸ்டின்-ஹீலி ஸ்பிரைட் என்னும் சிறிய வண்டி வெளிவந்தது. வேண்டாதபோது மடிந்து படுத்துக்கொள்ளும் முகப்பு விளக்குகளை அதற்கு அமைக்க எண்ணியிருந்தார்கள். செலவு கருதி அத்திட்டம் கைவிடப்பட்டது. விளக்குகள் இரண்டும் இயந்திர மூடியின்மேல் துருத்திக்கொண்டே நின்றன. ஆங்கிலேயர் அவ்வண்டியைத் 'தவளைக்கண்' என்றனர்; அமெரிக்கர் 'பூச்சிக்கண்' என்றனர். 1961-இல் முகப்பு மாறியது, விளக்குகள் ஓரங்களுக்கு ஒதுங்கின. ஆனால் ஸ்பிரைட் என்ற பெயர் தொடர்ந்தது. எனவே 'ஸ்பிரைட்' என்பவரிடம் எந்த ஸ்பிரைட் என்று கேட்க வேண்டியிருக்கிறது. 'தவளைக்கண்' என்பவரிடம் கேட்க ஒன்றுமில்லை.

மெர்சிடிஸ் 300 எஸ்.எல். இதனினும் வலுவான சான்று. 1954 முதல் 1957 வரை செய்யப்பட்ட கூரையுள்ள வண்டியின் சட்டகம் எஃகுக் குழாய்களால் பின்னப்பட்டது. அக்குழாய்கள் பக்கவாட்டில் உயர்ந்து நின்றமையால் வழக்கமான கதவுக்கு இடமில்லாமற் போயிற்று. ஆகவே கூரையில் கீல் வைத்துக் கதவுகளை மேல்நோக்கித் திறக்கச் செய்தார்கள். இரண்டையும் திறந்து வைத்தால் சிறகு விரித்த கடற்பறவை! 'கல்விங்' என்னும் பட்டப்பெயர் அப்படித்தான் வந்தது. 1957-இல் தொடங்கிய திறந்த வண்டிக்கும் 300 எஸ்.எல். என்றே பெயர், அதன் கதவுகளோ வழக்கமானவை. 1980களில் அதே நிறுவனம் விற்ற முற்றிலும் வேறான வண்டியும் 300 எஸ்.எல்.தான். தொழிற்சாலை சூட்டிய பெயர் மூன்று வண்டிகளைக் குழப்புகிறது. மக்கள் சூட்டிய பெயர் ஒன்றை மட்டும் சுட்டுகிறது. இவற்றுள் எதனைக் கலைச்சொல் என்பீர்கள்?

நம் இலக்கணம் இவ்வகையில் நம்மைவிடப் பரந்த மனம் கொண்டது. ஒரு கூட்டத்தார் தமக்குள் வழங்கும் சொல்லைக் குழூஉக்குறி எனப் பெயரிட்டுத் தகுதி வழக்கினுள் வைத்தது நன்னூல். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பர் என்று பயிற்சிக் கல்லூரியில் மனனம் செய்தோமே, அதன் பொருள்தான் என்ன? பொற்கொல்லருக்கு உள்ள உரிமை பத்து வயதுப் பையனுக்கு இல்லையா?

நாம் ஐயுற வேண்டிய சொல் வேறொன்று உண்டு. பார்வைக்கு மிக மரியாதையான சொல் அது: 'அசல்'. பழைய வண்டியின் இயந்திரத்தில் ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். அது தொழிற்சாலைப் பதிவேட்டோடு ஒத்திருந்தால் 'எண் பொருந்திய வண்டி' என்பார்கள் ஆர்வலர்கள். அதே வகை, அதே காலத்து வேறோர் இயந்திரத்தைப் பிற்காலத்தில் பொருத்தியிருந்தால் 'சரியான இயந்திரம்' என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். விலையில் இவ்விரண்டுக்கும் பெரும் இடைவெளி உண்டு. நேர்மையற்ற விற்பனையாளரோ இரண்டையும் 'அசல்' என்று விளம்பரம் செய்வார். எண்ணைத் தேய்த்துவிட்டு வேறெண் பொறிப்பவர்களும் இருக்கிறார்கள்.

இச்சொல் நீதிமன்றம் வரை சென்றதுண்டு. 1929-இலும் 1930-இலும் லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தை வென்ற பென்ட்லி வண்டி 'ஓல்டு நம்பர் ஒன்'. பின்னாளில் அதன் உறுப்புகள் பலவும் மாற்றப்பட்டன. 1 கோடி பவுண்டுக்கு அதனை வாங்க ஒப்பியவர்கள், இது உண்மையான வண்டியன்று என்று பின்வாங்கினார்கள். 1990-இல் இலண்டன் உயர்நீதிமன்றம் சொற்களைப் பிரித்து நிறுத்தது: பழைய உறுப்புகள் போய்விட்டமையால் 'அசல்' என்பதற்கில்லை; ஆயினும் வரலாறு அறுபடாமல் தொடர்வதால் அது மெய்யான ஓல்டு நம்பர் ஒன்தான். விற்றவர் வென்றார். இரண்டு பெயரடைகளின் வேறுபாட்டில் 1 கோடி பவுண்டு!

அகராதிச் சொல்லே காலை வாருவதும் உண்டு. 'ஹூட்' என்றால் ஆங்கிலேயருக்குத் திறந்த வண்டியின் துணிக்கூரை, அமெரிக்கருக்கு இயந்திர மூடி. இரண்டும் முறையான வழக்கே. கடல்கடந்து உதிரிப்பாகம் வாங்குபவர்தாம் விழித்துக்கொள்ள வேண்டும்.

நம் திருத்தமோ தலைகீழாக நடக்கிறது. 'தவளைக்கண்' என்று எழுதியவனுக்குக் கோடு. 'மிகச் சிறந்த அசல் வண்டி' என்று எழுதியவனுக்கு முழு மதிப்பெண். முன்னவன் உற்றுப் பார்த்திருக்கிறான். பின்னவன் எதையும் பார்த்ததாகவே தெரியவில்லை.

என் வகுப்பில் பட்டப்பெயர் எழுதும் மாணவன், அது எதனால் வந்தது என்று அடுத்த வரியில் விளக்க வேண்டும். 'அசல்' என்று எழுதியவனின் ஏட்டோரத்தில் 'எது மாறாமல் இருக்கிறது?' என்று எழுதுகிறேன். நல்ல சொல்லுக்கு மதிப்பெண் ஏன் குறைந்தது என்று பெற்றோர் சிலர் கேட்டிருந்தீர்கள். அந்தக் கேள்விக்கு உங்கள் பிள்ளை இன்னும் பதில் எழுதவில்லை.