துக்க வீட்டில் பேசுகிறவர்கள்

2004 சுனாமியின் நினைவு நாளான டிசம்பர் 26 காலையில் ஒவ்வொரு வருஷமும் நான் நாகைக் கரைக்குப் போவேன். இந்த வருஷமும் போனேன். பூ, ஊதுவத்தி, மெழுகுவத்தி, பால் பாக்கெட் என்று ஆளுக்கொன்றைக் கையில் பிடித்துக்கொண்டு சனம் எட்டரை மணிக்கெல்லாம் வந்துவிட்டது. எல்லாம் வழக்கம்போலத்தான். திரும்பும்போதுதான் எனக்கு நெஞ்சு கொதித்தது. மூன்று நாளாகியும் அடங்கவில்லை.

கரையோரம் பந்தல் போட்டு, ஒலிபெருக்கி கட்டி, ஆறுதல் பிரார்த்தனை நடந்தது. பேசியவர் யார், எந்த மதம் என்று எழுதமாட்டேன்; மூன்று மதத்து மேடைகளிலும் இதே பேச்சைக் கேட்டிருக்கிறேன். கடவுளை மறந்தோம், அதனால் கடல் பொங்கியது. பிழைத்தவர்களை அவர் ஒரு காரியத்துக்காகத் தேர்ந்தெடுத்துக் காப்பாற்றினார், அதற்கு நன்றி சொல்வோம். இவ்வளவுதான் பேச்சின் சாரம். முன்வரிசையில் மணலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்மணி எனக்குத் தெரிந்தவர். சுனாமி அன்றைக்கு இரண்டு பிள்ளைகளைக் கடலுக்குப் பறிகொடுத்தவர். பிழைத்தவர்களைக் கடவுள் தேர்ந்தெடுத்தார் என்றால், அந்த இரண்டு பிள்ளைகளையும் வேண்டாமென்று தள்ளினார் என்றுதானே ஆகிறது? பெற்றவளை உட்காரவைத்து இதைச் சொல்லலாமா?

அத்தனை பேர் செத்ததற்குக் காரணம் வேறு இருக்கிறது. 2004இல் சுமத்ரா அருகே கடலடி நிலம் அதிர்ந்தபோது நமக்குக் காலை ஆறரை மணி. அலை நாகையைத் தொட இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த நேரம் முழுக்க நாகைக் கரையோர ஊர்களான கீச்சாங்குப்பத்துக்கோ அக்கரைப்பேட்டைக்கோ யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்வதற்கு அப்போது இந்தியப் பெருங்கடலில் ஓர் ஏற்பாடே கிடையாது. ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது 2007இல். தமிழ்நாட்டில் இறந்த ஏறத்தாழ 8,000 பேரில் 6,000 பேருக்கு மேல் அன்றைய நாகை மாவட்டத்தவர்கள். காரணம் தேடுகிறவர்கள் அந்த இரண்டு மணி நேரத்தில் தேடட்டும்.   

பேரிடரைக் கடவுளின் தண்டனை என்று பேசுகிறவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் இல்லை. காந்தியே பேசியிருக்கிறார். 1934 ஜனவரி 15 அன்று பீகாரையும் நேபாளத்தையும் பூகம்பம் புரட்டிப்போட்டது. முங்கேர் நகரம் கல்லும் மண்ணுமாகக் குவிந்தது. இரண்டு பக்கமும் சேர்த்து 10,000 பேருக்கு மேல் செத்தார்கள். காந்தி அப்போது ஹரிஜன யாத்திரையில் நம் திருநெல்வேலியில் இருந்தார். தீண்டாமை என்ற பாவத்துக்குக் கடவுள் தந்த தண்டனை இது என்று அங்கே சொன்னார். தாகூருக்கு மனம் தாங்கவில்லை. தீண்டாமையை ஒழிப்பதில் காந்தியோடு நின்றவர்தான் அவர். ஆனாலும் இயற்கையின் அதிர்வை ஒழுக்கத்தோடு முடிச்சுப் போடாதீர்கள் என்று மறுத்து எழுதினார். காந்தி அந்த மறுப்பைத் தன் ‘ஹரிஜன்’ இதழிலேயே அச்சிட்டு, தன் நம்பிக்கையை விட்டுக்கொடுக்க முடியாது என்று பதிலும் எழுதினார். காந்தியின் மேல் எனக்குப் பக்தி உண்டு. ஆனால் இதில் நான் தாகூர் பக்கம். ஊருக்கு வெளியே ஒதுக்கிவைக்கப்பட்டவனின் குடிசையும் அன்றைக்கு விழுந்ததே. அவன் பிள்ளை எந்தத் தீண்டாமைக்காகச் செத்தது?

ஆனால் அதே காந்தி மார்ச்சில் பீகாருக்குப் போய் இடிந்த ஊர் ஊராகச் சுற்றினார். ராஜேந்திர பிரசாத் சிறையிலிருந்து வந்த கையோடு நிவாரண வேலையில் இறங்கியிருந்தார். அப்படிப் போய் நின்றார்கள் பாருங்கள், அதுதான் எனக்குப் பிரார்த்தனையாகப் படுகிறது.

இங்கே யோபுவைப் பற்றிச் சொல்லாமல் என்னால் முடியாது. பைபிளில் எனக்கு எல்லாவற்றிலும் நெருக்கமான நூல் அது.  யோபுவுக்கு ஏழு மகன்கள், மூன்று மகள்கள். பாலைவனத்துப் பக்கமிருந்து வந்த ஒரு பெருங்காற்றில் வீடு இடிந்து பத்துப் பேரும் ஒரே நாளில் போனார்கள். இதுவும் இயற்கைப் பேரிடர்தானே? எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்று மூன்று நண்பர்கள் துக்கம் கேட்க வருகிறார்கள். சால்வையைக் கிழித்துக்கொள்கிறார்கள், தலையில் புழுதியை வாரிப் போட்டுக்கொள்கிறார்கள். அவனுடைய துயரம் எவ்வளவு பெரிது என்று பார்த்து, ஏழு பகலும் ஏழு இரவும் ஒரு வார்த்தை பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அத்தோடு எழுந்து போயிருந்தால் அவர்களைப் போல நல்ல நண்பர்கள் உலகத்தில் இல்லை. எட்டாம் நாள் வாயைத் திறந்தார்கள். நீ ஏதோ பாவம் செய்திருப்பாய், இல்லாவிட்டால் இப்படி வருமா என்று அத்தியாயம் அத்தியாயமாக அவனைக் குடைந்தார்கள். யோபு கடவுளோடு சண்டையே போட்டான். கடைசியில் கடவுள் சூறைக்காற்றுக்குள்ளிருந்து பேசுகிறார். அப்போதும் ஏன் இப்படி நடந்தது என்று சொல்வதில்லை. ஆனால் நண்பர்களிடம், என்னைப் பற்றி யோபு பேசியதுதான் சரி, நீங்கள் பேசியது சரியில்லை என்று கோபிக்கிறார். உங்களுக்காக அவன் வேண்டிக்கொள்ளட்டும் என்கிறார். ஆறுதல் சொல்ல வந்தவர்களுக்காக, ஆறுதல் தேவைப்பட்டவன் பிரார்த்தனை செய்ய வேண்டியதாயிற்று!

    

அந்த நூலின் முடிவு மட்டும் வெகு காலம் எனக்கு ஒப்பவில்லை. யோபுவுக்கு ஆடுமாடு இரட்டிப்பாகத் திரும்பக் கிடைக்கிறது. பிள்ளைகளும் மறுபடி பத்துப் பேர் பிறக்கிறார்கள். போன பத்துக்கு வந்த பத்து ஈடாகுமா? சுனாமிக்குப் பிறகு, குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டு பிள்ளைகளை இழந்த தாய்மார்களுக்கு மறுஇணைப்பு அறுவைச் சிகிச்சைக்கு அரசு ஏற்பாடு செய்தது. பந்தலில் உட்கார்ந்திருந்த பெண்மணியும் செய்துகொண்டார். 2006இல் ஒரு மகள் பிறந்தாள். அந்த மகளைப் பார்த்த பிறகு யோபுவின் கடைசிப் பக்கத்தை என்னால் கோபமில்லாமல் படிக்க முடிகிறது.

அந்தப் பெண்மணியை நான் முதலில் பார்த்தது 2005 ஜனவரியில், ஒரு கல்யாண மண்டபத்து நிவாரண முகாமில். ஒரு நாளைக்குப் பத்துப் பேராவது வந்து அவரிடம் ஆறுதல் பேசிவிட்டுப் போவார்கள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். சாயங்காலத்தில் எதிர்த்த டீக்கடை அம்மாள் ஒரு சீப்பும் தேங்காய் எண்ணெயும் எடுத்துக்கொண்டு வருவார். அவரைத் திருப்பி உட்காரவைத்து, எண்ணெய் தடவி, சிக்கெடுத்து, பின்னிவிடுவார். பத்து நாள் ஆகியும் முடியிலிருந்து மணல் உதிர்ந்தது. அதை முந்தானையில் தட்டிக்கொண்டு அந்த அம்மாள் எழுந்து போவார். போகும்போது ஒன்றும் சொல்லமாட்டார்.

நம் ஊர் முறை அது. இழவு வீட்டுக்குப் போனால் யாரும் ‘வாங்க’ என்று கூப்பிடமாட்டார்கள்; கிளம்பும்போது நாமும் ‘வர்றேன்’ என்று சொல்வதில்லை. அந்த வீட்டில் அடுப்பு எரியாது, பக்கத்து வீட்டிலிருந்து காப்பி வரும். பெண்கள் கட்டிப்பிடித்து அழுவார்கள், ஆண்கள் திண்ணையில் குந்தியிருப்பார்கள். “துக்க வீட்டுல வாயை மூடிக்கிட்டு உக்காருடா, தண்ணி கேட்டா மொண்டு குடு” என்று என் பெரியம்மா சொல்லிக்கொடுத்தாள். பள்ளிக்கூடம் போகாத பெரியம்மாவுக்கு, யோபுவின் நண்பர்கள் ஏழாம் நாள் வரை செய்தது தெரிந்திருந்தது. எட்டாம் நாள் செய்யக்கூடாததும் தெரிந்திருந்தது.

வாய்திறந்து செய்யும் பிரார்த்தனையே கூடாது என்கிறேனா? இல்லை. 2024 ஜூலை 30 விடிவதற்குள் வயநாட்டு நிலச்சரிவில் முண்டக்கை, சூரல்மலை என்ற ஊர்கள் மண்ணுக்குள் போயின. உடல்கள் சாலியாற்றில் அடித்துக்கொண்டு போய் நிலம்பூர்ப் பக்கம் ஒதுங்கின. அடையாளம் தெரியாத உடல்களையும் உடல் பாகங்களையும் ஆகஸ்டில் புத்துமலையில் அடக்கம் செய்தார்கள். 2019இல் தானும் நிலச்சரிவில் 17 பேரை இழந்த ஊர் அது. குழிகளுக்குப் பெயர் இல்லை, எண்தான். இறந்தவர் இந்துவா முஸ்லிமா கிறிஸ்தவரா என்று தெரியாததால் மூன்று மதத்தவரும் அவரவர் முறைப்படி வேண்டிக்கொண்டு அனுப்பிவைத்தார்கள். உள்ளே இருப்பது யாராக இருந்தாலும் அவருக்குப் பழக்கமான ஒரு குரல் அதில் இருந்திருக்கும். அந்தச் செய்தியைப் படித்த அன்று வெகுநேரம் வேலை ஓடவில்லை எனக்கு.

நாகைக் கரைக்கு வருகிறேன். பேச்சு முடிவதற்கு முன்பே அந்தப் பெண்மணி எழுந்துவிட்டார். நானும் பின்னால் போனேன். “அவரு படிச்சதை அவரு சொல்றாரு தம்பி” என்றார் என் முகத்தைப் பார்த்து. தண்ணீர் காலைத் தொடும் இடத்தில் நின்று, பால் பாக்கெட்டின் மூலையைப் பல்லால் கிழித்தார். நான் நாலடி தள்ளி நின்றுகொண்டேன். பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டே அலையிடம் பேசினார்.

“தங்கச்சி நர்சிங் ரெண்டாவது வருசம் போயிட்டா. ஊசி போடக் கத்துக்கிட்டாளாம். அப்பாவுக்கு முட்டி வலி, கடலுக்குப் போறதில்ல. மழையில மாடி ஒழுகிச்சு, பூசியாச்சு.”

பாக்கெட் காலியானதும் அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, “அம்மா வர்றேன்டா” என்று சொல்லிவிட்டு மேடேறினார்.