புதுப்பிப்பதா, விட்டுவிடுவதா?

நுழையும்முன்

வாயிற்கதவின் பூட்டுப் பழுதானால் அன்றே சரிசெய்யும் வீட்டார், இணையம் நுழையும் வாயிலைப் பல ஆண்டுகள் திரும்பிப் பார்ப்பதில்லை. அவ்வாயிலைக் காக்கும் பொறுப்பு யாருடையது? கருவியைச் செய்தவருடையதா, இணைப்பை வழங்கியவருடையதா, வீட்டாருடையதா? இவ்வினாவை ஆராய்ந்து ஒரு முடிவை முன்வைக்கிறது இக்கருத்துக் கட்டுரை.

ஒரு வீட்டின் வினா

தில்லியில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பம். இரவு ஒன்பது மணி. எட்டாம் வகுப்பில் பயிலும் மகள், ரூட்டர் என்று எல்லாரும் அழைக்கும் திசைவியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்க்கிறாள். அதில் புதிய நிலைப்பொருள் வெளியாகியிருப்பதாக ஓர் அறிவிப்பு. "அப்பா, இதை இப்போதே புதுப்பித்துவிடலாமா?" என்று கேட்கிறாள். "நன்றாக ஓடிக்கொண்டிருப்பதை ஏனம்மா தொட வேண்டும்?" என்கிறார் தந்தை.

அவர் தயங்குவதற்குக் காரணம் உண்டு. மறுநாள் காலை அவருக்கு இணையவழி அலுவலகக் கூட்டம். மகளுக்கு இணையவழித் தேர்வு. பாட்டியோ ஒவ்வோர் இரவும் மதுரையிலுள்ள தம் தங்கையின் முகத்தைக் காணொளியில் பார்த்துப் பேசிய பிறகே உறங்கச் செல்பவர். கருவி கெட்டால் மூன்றும் நின்றுபோகும். மகளின் கேள்வியும் நியாயமானது. தந்தையின் அச்சமும் நியாயமானது. எனினும் இரண்டையும் எடைபோட்டுப் பார்த்தால் தட்டு ஒரு பக்கமே தாழும். சொந்தக் கருவியைக் கையால் புதுப்பிப்பதே கடமை. ஆனால் அவசரமாக அன்று, ஆய்ந்து செய்ய வேண்டும்.

நிலைப்பொருள் என்பது யாது?

திசைவி வெறும் மின்பெட்டி அன்று. அது ஒரு சிறு கணினி. அதற்குள் செயலியும் நினைவகமும் உண்டு. மின்சாரம் நின்றாலும் அழியாத நினைவகத்தில் பதிந்திருந்து அக்கருவியை இயக்கும் நிரலே நிலைப்பொருள் எனப்படுகிறது. வீட்டுக்குள் வரும் தரவு எந்தக் கைப்பேசிக்குச் செல்ல வேண்டும், எந்தக் கடவுச்சொல்லை ஏற்க வேண்டும், வெளியிலிருந்து வரும் எந்த அழைப்பை மறுக்க வேண்டும் என்பனவற்றை எல்லாம் அந்நிரலே முடிவு செய்கிறது.

நிரலை எழுதுவோர் மனிதர். மனிதர் எழுதியதில் பிழை இருக்கும். அப்பிழைகளுட் சில, கருவி விற்பனையாகி ஆண்டுகள் கடந்த பின்னரே வெளிப்படுகின்றன. அவற்றைத் திருத்தி உற்பத்தியாளர் வெளியிடும் மாற்றுநிரலே புதுப்பிப்பு. கைப்பேசிகளுட் பெரும்பாலானவை புதுப்பிப்பு வந்ததும் தாமே நினைவூட்டுகின்றன. பழைய திசைவிகள் பலவோ, எவரேனும் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்க்கும்வரை வாய் திறப்பதில்லை.

மருந்து இருந்தும் உண்ணாதவர்

"நன்றாக ஓடுகிறது" என்னும் சொல் இங்கே சான்றாகாது. தீநிரல் புகுந்த திசைவியும் நன்றாகவே ஓடும். விளக்குகள் பச்சையாகவே ஒளிரும். திரைப்படமும் தடையின்றி வரும். அதே வேளையில் அக்கருவி வேறொருவர் ஏவலுக்கும் பணிந்துகொண்டிருக்கும்.

2016 அக்டோபர் 21 அன்று நிகழ்ந்தது இதற்கு எடுத்துக்காட்டு. 'மிராய்' என்னும் தீநிரலின் பிடியில் இருந்த கண்காணிப்புக் கேமராக்களும் திசைவிகளும் ஒரே நேரத்தில் 'டைன்' என்னும் அமெரிக்க நிறுவனத்தின் கணினிகளை நோக்கிப் பொய்யான கோரிக்கைகளைக் குவித்தன. இணையப் பெயர்களை முகவரிகளாக மாற்றித் தரும் பணியைச் செய்த அந்நிறுவனம் திணறியதால், ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்களைப் பலர் பல மணிநேரம் அடைய இயலவில்லை. தாக்கிய கருவிகளின் உரிமையாளர்கள் குற்றவாளிகள் அல்லர்; தங்கள் வீட்டுக் கருவி தாக்குதலில் பங்கேற்றதையே அறியாதவர்கள். கருவியுடன் வந்த தொடக்கக் கடவுச்சொல்லை அவர்கள் மாற்றாமல் விட்டதே தீநிரலுக்கு வழியாயிற்று.

இந்தியாவும் இதற்கு விலக்கன்று. 2017 சூலை இறுதியில், பொதுத்துறை நிறுவனமான பி.எஸ்.என்.எல். வாடிக்கையாளர்களின் மோடம்கள் பல தீநிரலால் தாக்கப்பட்டு இணைப்பை இழந்தன. அங்கும் தொடக்கக் கடவுச்சொல் மாற்றப்படாத கருவிகளே சிக்கின. ஆகவே புதுப்பிப்பு மட்டும் போதாது; கடவுச்சொல்லையும் மாற்ற வேண்டும் என்பதை இவ்விரு நிகழ்வுகளும் உணர்த்துகின்றன.

புதுப்பிப்பின் தேவையை நேராகக் காட்டுவது 2018இல் நிகழ்ந்தது. 'மைக்ரோடிக்' திசைவிகளில் ஒரு பிழை கண்டறியப்பட்டது. ஏப்ரல் மாதத்திலேயே உற்பத்தியாளர் திருத்தத்தை வெளியிட்டுவிட்டார். ஆனால் ஆகஸ்டு மாதத்தில், பிரேசிலில் தொடங்கி உலகெங்கும் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட திசைவிகள் அதே பிழையின் வழியாகக் கைப்பற்றப்பட்டன. அவற்றைக் கொண்டு, பிறர் கணினிகளின் ஆற்றலைத் திருடி மின்னாணயம் ஈட்ட முயன்றனர் தீயோர். மருந்து வெளிவந்து மாதங்கள் ஆகியும் அதனை எவரும் எடுத்து ஊட்டாததால் நோய் பரவியது.

அதே ஆண்டு மே மாதத்தில் 'விபிஎன்ஃபில்டர்' என்னும் தீநிரல் 54 நாடுகளில் குறைந்தது ஐந்து இலட்சம் கருவிகளில் புகுந்திருந்தது தெரியவந்தது. திசைவியை ஒருமுறை அணைத்து இயக்குமாறு அமெரிக்கப் புலனாய்வுத் துறையினர் மக்களைக் கேட்டுக்கொண்டனர். ஆனால் அத்தீநிரலின் முதற்பகுதி, அணைத்து இயக்கினாலும் அழியாதது. எனவே மறுதொடக்கம் தற்காலிக ஆறுதலே. பிழையை அடைப்பது புதுப்பிப்பே.

மறுப்போரின் வாதம்

கையால் புதுப்பிப்பதை மறுப்போர் சொல்வதும் வெற்றுரை அன்று. பழைய நிரலை அழித்துப் புதியதை எழுதும் அச்சில நிமிடங்களில் மின்சாரம் நின்றால், கருவி இயங்காத வெறும் பெட்டியாகிவிடக் கூடும். மின்தடை புதிதல்லாத ஊர்களில் இவ்வச்சம் நியாயமானது. ஒரே பெயருடைய கருவி இரண்டு மூன்று வன்பொருள் பதிப்புகளில் விற்கப்படுவதும் உண்டு. ஒன்றற்குரிய கோப்பை மற்றொன்றில் ஏற்றினாலும் கேடு நேரும். சில வேளைகளில் பழைய அமைப்புகள் அழிந்துபோகும். அரிதாகப் புதிய நிரலே புதிய பிழையொன்றைக் கொண்டுவருவதும் உண்டு.

இவற்றை எல்லாம் ஒப்புக்கொண்ட பின்னரும் ஒரு வேறுபாடு எஞ்சுகிறது. புதுப்பிக்கும்போது நேரக்கூடிய கேடு முன்கூட்டியே தெரிந்தது. பெரும்பாலும் கவனத்தால் தவிர்க்கக்கூடியது. நேர்ந்தாலும் அந்த வீட்டோடு முடிவது. புதுப்பிக்காமையால் வரும் கேடோ கண்ணுக்குத் தெரியாதது. எப்போது வரும் என்று அறிய முடியாதது. அந்த வீட்டைத் தாண்டி, முகமறியாத பிறரையும் தாக்குவது. தெருவின் கால்வாயைத் தன் வீட்டு வாசலில் மட்டும் தூர்வாராமல் விடுபவர், தெரு முழுவதையும் வெள்ளத்தில் ஆழ்த்துகிறார். இணையமும் அத்தகைய ஒரு தெருவே.

கருவி யாருடையது?

எனினும் எல்லாத் திசைவிகளையும் வீட்டாரே புதுப்பிக்க வேண்டும் என்பது பொருந்தாது. முதலில் அறிய வேண்டியது, கருவி யாருடையது என்பது.

இணையச் சேவை நிறுவனமே கொண்டுவந்து பொருத்திய கருவியாயின், அதன் நிலைப்பொருளை அந்நிறுவனம் தன் அலுவலகத்திலிருந்தே புதுப்பிக்கும் வசதி பெரும்பாலும் உண்டு. அதில் உள்ள நிரலும் அந்நிறுவனத்தின் இணைப்புக்கு ஏற்ப மாற்றியமைக்கப்பட்டிருக்கும். அத்தகைய கருவியில் வெளியிலிருந்து எடுத்த கோப்பை ஏற்றுவது அறியாமை. அங்கு வீட்டார் செய்ய வேண்டியது, நிறுவனத்தை அழைத்துக் கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்று கேட்பதே. விடை சொல்லும் கடமை நிறுவனத்துக்கு உண்டு.

கடையில் வாங்கிய சொந்தக் கருவியாயின், பொறுப்பு வீட்டாருடையது. தானாகப் புதுப்பிக்கும் வசதி அதில் இருந்தால், அதனை இயக்கி வைப்பதே எளிது. இல்லாவிடில் ஆறு மாதங்களுக்கு ஒருமுறையேனும் பார்த்துக் கையால் புதுப்பிக்க வேண்டும். உற்பத்தியாளர் ஆதரவை நிறுத்திவிட்ட பழைய கருவியாயின், புதுப்பிக்க எதுவும் இராது. அதனை மாற்றுவதே முறை. இன்னும் இயங்குகிறதே என்று அதனை வைத்திருப்பது சிக்கனம் ஆகாது.

எவ்வாறு செய்வது?

திருக்குறளில் 'தெரிந்து செயல்வகை' என்றே ஓர் அதிகாரம் உண்டு. செயலில் இறங்குமுன் இழப்பையும் ஆக்கத்தையும் எண்ணிப் பார்க்கச் சொல்வது அது. இப்பணிக்கும் அதுவே வழி.

கருவியின் அடியில் ஒட்டப்பட்ட சீட்டில் அதன் பெயரும் வன்பொருள் பதிப்பும் அச்சிடப்பட்டிருக்கும். அவற்றை ஓர் எழுத்தும் பிசகாமல் குறித்துக்கொள்ள வேண்டும். கோப்பை உற்பத்தியாளரின் சொந்தத் தளத்திலிருந்து, அதிலும் இந்தியாவுக்குரிய பக்கத்திலிருந்து மட்டுமே பெற வேண்டும். பிறகு, இருக்கும் அமைப்புகளுக்கு ஒரு படி எடுத்து வைக்க வேண்டும். கணினியைத் திசைவியோடு கம்பியால் இணைக்க வேண்டும். வைஃபை நடுவில் அறுந்தால் பணி கெடக்கூடும். உலாவியில் 192.168.0.1 அல்லது 192.168.1.1 போன்ற முகவரியில் அமைப்புப் பக்கம் திறக்கும். சரியான முகவரி அச்சீட்டிலேயே இருக்கும். மின்கலக் காப்பு இருந்தால் திசைவியை அதில் பொருத்தலாம். இல்லையேல் மின்தடை நேராத பொழுதைத் தேர்ந்துகொள்ளலாம். பணி முடியும்வரை எவரும் மின்செருகியைத் தொடலாகாது. முடிந்ததும் பதிப்பு எண் மாறியுள்ளதா என்று பார்த்து, கடவுச்சொல்லையும் சரிபார்க்க வேண்டும்.

பொறுப்பு வீட்டாரோடு முடிவதில்லை

இத்தனையையும் ஒவ்வொரு வீட்டாரும் அறிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது முழு நியாயம் அன்று. பிரித்தானியாவில் 2024 ஏப்ரல் 29 முதல் நடைமுறையில் உள்ள சட்டம், எளிதில் ஊகிக்கத்தக்க பொதுவான தொடக்கக் கடவுச்சொற்களைத் தடைசெய்கிறது. எத்தனைக் காலம் பாதுகாப்புப் புதுப்பிப்பு வழங்கப்படும் என்பதை உற்பத்தியாளர் அறிவிக்கவும் வேண்டும் என்கிறது. இந்தியாவில் விற்கப்படும் ஒவ்வொரு திசைவியின் பெட்டியிலும், விலையும் மாதமும் அச்சிடப்படுவதுபோல, ஆதரவு முடியும் நாளும் அச்சிடப்பட வேண்டும். மருந்துச் சீட்டில் காலாவதி நாளைத் தேடும் மக்கள், அதையும் தேடக் கற்றுக்கொள்வர். இந்திய அரசின் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் இத்தகைய பிழைகள் குறித்து எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. 2017இல் அது தொடங்கிய 'சைபர் ஸ்வச்தா கேந்திரா' தீநிரலை நீக்கும் கருவிகளை இலவசமாக வழங்குகிறது. அவ்வெச்சரிக்கைகள் மக்கள் பேசும் மொழிகள் அனைத்திலும் வீடுதோறும் சென்று சேர வேண்டும்.

அதுவரை அவ்விடைவெளியை நிரப்புவோர் பெரும்பாலும் பிள்ளைகளே. ஆங்கிலத்தில் உள்ள வழிமுறையைப் படித்து, அதனைப் பாட்டிக்கும் புரியும் தமிழில் சொல்லத் தெரிந்த பிள்ளை, வீட்டுக்குப் பெருந்துணை. ஆனால் பெரியோர் அறியாமல் நள்ளிரவில் தானே செய்துவிடும் பிள்ளை, தான் காக்க நினைத்த வீட்டையே இடருக்கு உள்ளாக்குகிறது. எடுத்துச் சொல்லி, இசைவு பெற்று, உடனிருந்து செய்வதே முறை.

தில்லிக் குடும்பம் அவ்வாறே செய்தது. அன்று இரவு எதையும் தொடவில்லை. மகள் சீட்டைப் பார்த்துப் பெயரையும் பதிப்பையும் எழுதிவைத்தாள். கருவி சொந்தமானதே என்று தந்தை உறுதிசெய்தார். ஞாயிறு காலை, பாட்டிக்கு முன்னதாகவே சொல்லிவிட்டு, இருவரும் அமர்ந்து புதுப்பித்தனர். சில நிமிடங்களில் பணி முடிந்தது. அன்றைய தேதியை ஒரு சிறு தாளில் எழுதி, கருவியின் அடியில் ஒட்டினாள் மகள். அடுத்த ஆறு மாதம் எப்போது முடியும் என்பதை அத்தாள் சொல்லும்.

எண்ணி எழுதுக

1. "நன்றாக ஓடுகிறது" என்பது ஏன் சான்றாகாது? கட்டுரையிலிருந்து இரு காரணங்களை எடுத்து எழுதுக.
2. கட்டுரையின் முடிவோடு நீவிர் உடன்படுகிறீரா? மறுப்போரின் வாதங்களுள் ஒன்றைக் கொண்டு உம் கருத்தை எழுதுக.
3. உம் வீட்டுத் திசைவி யாருடையது என்பதைப் பெற்றோரிடம் கேட்டறிந்து, செய்ய வேண்டியதை ஐந்து தொடர்களில் எழுதுக.