கொடியும் கட்டளையும்

மதுவிலக்கில் பற்றுள்ள நமக்குத் திராட்சை மதுவின்மேல் மோகமில்லை. ஆயினும் அக்கொடியை வளர்க்கும் குடியானவர் படும் பாட்டில் நாம் அறிய வேண்டியது உண்டு.

பிரான்ஸ் தேசத்துத் தோட்டங்களில் 'பொன் மஞ்சள்' என்று பொருள்படும் பெயருடைய நோய் ஒன்று பரவி வருகிறது. பெயரில் மட்டுந்தான் பொன். இலைகள் மஞ்சளாகவோ சிவப்பாகவோ மாறிச் சுருளும்; குலைகள் கொடியிலேயே வாடும். நோய் கண்ட கொடிக்கு மருந்து கிடையாது, பிடுங்க வேண்டியதுதான். ஒரு தோட்டத்தில் நூற்றுக்கு 20 கொடிகளுக்குமேல் கெட்டுவிட்டால், நல்ல கொடிகளையும் சேர்த்துப் பிடுங்கவேண்டும் என்பது சட்டம். புதிதாக நட்ட கொடி பலன் தர மூன்று வருஷமாவது ஆகும்.

நோயைச் சுமப்பது வட அமெரிக்காவிலிருந்து வந்த சிறு தத்துப்பூச்சி. அதற்கு வேலியும் தெரியாது, பட்டாவும் தெரியாது. ஆகவே சர்க்கார் தலையிடுவதை நாம் குறை கூறமாட்டோம்.

2013-ஆம் வருஷம் பர்கண்டிப் பிரதேசத்தின் கோத் தோர் ஜில்லா அதிகாரி, ஜில்லா முழுவதும் பூச்சிமருந்து தெளிக்கவேண்டுமென்று உத்தரவிட்டார். செயற்கை மருந்துகளைத் தொடாமல் பயிரிட்டு வந்த எம்மானுவேல் ஜிபூலோ என்பவர் மறுத்தார். தம் தோட்டத்தருகே நோயே காணப்படவில்லை என்பது அவர் கட்சி. சாமந்தி இனத்துப் பூவிலிருந்து எடுக்கும் பைரித்ரத்தையாவது தெளிக்கலாமே என்றால், பூவிலிருந்து வந்தாலும் அது தேனீயையும் கொல்லுமே என்றார். சட்ட மறுப்பு நமக்குப் புதிய சொல்லன்று. ஆனால் அண்டைத் தோட்டக்காரர் பலர் அவர்மேல் கோபங்கொண்டதையும் நாம் தவறென்று சொல்வதற்கில்லை. பக்கத்து ஜில்லாவில் சிறிது காலத்துக்கு முன்புதான் ஏக்கர் கணக்கில் கொடிகளைப் பிடுங்கி எறிந்திருந்தார்கள்.

ஆறு மாதச் சிறையும் 30,000 யூரோ அபராதமும் விதிக்கச் சட்டத்தில் இடமிருந்தது. 2014 ஏப்ரலில் திஜோன் நகரத்துக் கோர்ட்டார் 1,000 யூரோ அபராதம் விதித்து, அதில் பாதியை நிறுத்திவைத்தார்கள். டிசம்பரில் மேல்கோர்ட்டு அவரை விடுதலை செய்தது. காரணம் தேனீயுமன்று, நோயுமன்று. மந்திரியின் அங்கீகாரம் பெறாமலே அந்த உத்தரவு பிறந்துவிட்டதாம்! குடியானவனைச் சட்டத்தின் பெயரால் கூண்டில் ஏற்றியவர்கள், அந்தச் சட்டத்தைத் தாங்களே படித்துப் பார்க்கவில்லை.

தெளிக்க மறுத்தது சரியா, தவறா என்ற கேள்விக்குக் கோர்ட்டார் விடை கூறவேயில்லை. தோட்டக்காரர்கள் ஒருவிதத்தில் விடை கண்டார்கள். அறுவடைப் பருவத்தில் அவர்களே கூட்டமாகச் சேர்ந்து வரிசை வரிசையாக நடந்து, கொடி கொடியாகப் பார்க்கிறார்கள். சந்தேகமான கொடிக்கு அடையாளம் கட்டுகிறார்கள். எங்கே எத்தனை முறை மருந்து வேண்டும் என்பது அந்தக் கணக்கைப் பார்த்த பிறகே தீர்மானமாகிறது.