கலர் தண்ணீர் கற்பிக்கும் பாடம்

தோட்டத்து வாலிபர்கள் புகழ்கிறார்களே என்று, ஞாயிறன்று பினாங்கு மார்க்கெட் ஸ்திரீட்டில் வெனிலா மணமிட்ட கொக்கோ கோலா ஒரு டின் வாங்கிக் குடித்தேன். அமெரிக்காவில் 2002-இல் வெளிவந்த சரக்கு இது. முதல் மடக்கு ஐஸ்கிரீம் போல் மணக்கிறது. பழைய கோலாவின் வேகம் இல்லை. கடைசியில் இனிப்பே மிஞ்சுகிறது. இருட்டோடு எழுந்து பெரட்டுக்கு ஓடுகிறவனுக்கு வரக்கோப்பியே போதும். அதிலும் காபீன் உண்டு, செலவும் குறைவு.

ஆயினும் இந்தக் கம்பெனியின் சரித்திரத்தில் தொழிலாளி அறிய வேண்டிய சேதி ஒன்று உண்டு. 1985 ஏப்ரல் 23-இல் அமெரிக்காவில் பழைய சுவையை நிறுத்திவிட்டுப் புதுச் சுவையை இறக்கினார்கள். ஏறத்தாழ 2 லட்சம் பேருக்குக் கொடுத்துச் சோதித்த பிறகே இறக்கினார்கள். நாக்கைச் சோதித்தவர்கள் மனத்தை அறியவில்லை. ஜனங்கள் கொதித்தார்கள். கடிதங்கள் குவிந்தன, ஜூன் மாதத்தில் நாளொன்றுக்கு 1,500 தொலைபேசி அழைப்புகள்! 79 நாளில், ஜூலை 11-இல், பழைய சுவை திரும்பி வருமென்று கம்பெனியே அறிவித்தது.

தோழர்களே! ஒரு பானத்துக்காகச் சேர்ந்த குரலுக்கே அவ்வளவு பெரிய முதலாளி இறங்கி வந்தான். நம் கூலி கலர் தண்ணீரைவிட அற்பமா? பால் கொட்டகையில் நிறுவைக் கணக்கெழுதும் கிராணி நான். அங்கே தினமும் முணுமுணுப்பைக் கேட்கிறேன்; சங்கக் கூட்டத்தில் அந்தக் குரலைக் காணோம். முணுமுணுப்பு முதலாளி காதில் ஏறாது. கூட்டத்துக்கு வாருங்கள், ஒரே குரலில் கேட்போம்!

— தோட்டக் கிராணி ஒருவன்