எண் அணைந்தால் ரேடியோ சாகாது

அமெரிக்க லாரி ஓட்டுநர்களிடமும் அந்நாட்டின் பழைய பொருள் சந்தைகளிலும் பொதுமக்கள் பேசிக்கொள்ளும் சி.பி. (சிட்டிசன்ஸ் பேண்ட்) ரேடியோவைப் பற்றி ஒரு தீர்ப்பு வேரூன்றிக் கிடக்கிறது. சேனல் எண்ணைக் காட்டும் டிஸ்ப்ளே கெட்டால் செட்டின் மூளையே போய்விட்டது, இனி அதில் கைவைப்பது வீண் செலவு என்பதே அது. இந்தத் தீர்ப்பு தவறு. இன்னும் பல ஆண்டுகள் உழைக்கக்கூடிய கருவிகளை அது குப்பைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. ஆகவே அதைக் கண்டிக்க வேண்டியிருக்கிறது.

இந்த செட்டுகள் எப்படி வந்தன என்பதை நினைவில் கொள்வது நல்லது. 27 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பொதுமக்கள் பேசிக்கொள்ள அமெரிக்க அரசு 1958இல் வழி திறந்தது. 1973இல் எண்ணெய்த் தட்டுப்பாடு வந்தபோது, எந்த பங்க்கில் டீசல் கிடைக்கிறது, எங்கே போலீஸ் நிற்கிறது என்று லாரி ஓட்டுநர்கள் இதன் வழியாகத்தான் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். கூட்டம் பெருகி 23 சேனல்கள் போதாமல் போகவே, 1977 ஜனவரி 1 முதல் அவை 40 ஆயின. சிவப்பு எல்.இ.டி. எண்கள் பரவலானதும் அந்த 40 சேனல் செட்டுகளோடுதான். இன்று பழுதுக்கு வருபவற்றில் பல அந்தத் தலைமுறையைச் சேர்ந்தவை.

எண் அணைந்தால் மூளை போயிற்று என்பவர்கள் இந்த செட்டின் உள்ளமைப்பைப் பார்க்கவில்லை. அலைவரிசையைத் தீர்மானிப்பது பி.எல்.எல். என்னும் ஐ.சி. எந்த சேனல் வேண்டும் என்று அதற்குச் சொல்வது, நாம் திருகும் குமிழுக்குப் பின்னால் இருக்கும் சேனல் சுவிட்ச். அக்காலத்து செட்டுகள் பலவற்றில் அதே சுவிட்ச்தான் தனித் தடங்கள் வழியாக எண்ணின் கோடுகளுக்கும் மின்சாரம் அனுப்புகிறது. அதாவது ஐ.சி.க்கு ஒரு வழி, எண்ணுக்கு வேறு வழி. எண்ணுக்குப் போகும் வழி அறுந்தால் ஐ.சி.க்கு அதில் எந்தப் பங்கும் இல்லை. வாசலில் கதவு எண் பலகை விழுந்தால் வீடே இடிந்துவிட்டது என்று யாரும் சொல்வதில்லை.

இதற்கான சான்றை செட்டே தருகிறது. எண் இருண்டிருக்கும்போது ஸ்பீக்கரில் குரல் கேட்கிறதா? குமிழைத் திருகினால் வேறு ஆட்களின் பேச்சு வருகிறதா? வருகிறதென்றால் பி.எல்.எல். ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது. ஆன்டெனா மாட்டிக் குமிழைத் திருப்பிப் பார்த்தாலே தெரிந்துவிடும் இதைக்கூடச் செய்யாமல் செட் செத்துவிட்டது என்பது எந்த வகையில் நியாயம்?

எண் முழுக்க அணையாமல் ஒரு கோடு மட்டும் போயிருந்தால் அது எங்கே போயிற்று என்பதையும் எண்ணே சொல்லிவிடும். ஒவ்வோர் இலக்கமும் ஏழு கோடுகளால் ஆனது. ஏழும் எரிவது 8இல் மட்டும். எனவே எட்டாம் சேனலில் வைத்துப் பார்த்தால் ஒற்றை இலக்கத்தில் எந்தக் கோடு இல்லை என்பது தெரிந்துவிடும். இடப்பக்க மேல்கோடு போய்விட்டால் 9 என்பது 3 ஆகத் தெரியும். லாரிக்காரர்கள் கூடும் 19ஆம் சேனல் 13 ஆகத் தெரியும். அவசர உதவிக்கு ஒதுக்கப்பட்ட 9ஆம் சேனலும் அப்படியே ஏமாற்றும். அந்தக் கோடு 0, 4, 5, 6, 8, 9 என்று வரவேண்டிய எல்லா இடத்திலும் இல்லையென்றால் கோளாறு எல்.இ.டி.யில், அதன் ரெசிஸ்டரில், அல்லது அதற்குப் போகும் ஒயரில். 9இல் சரியாக எரிந்து 19இல் மட்டும் காணாமல் போனால் சந்தேகம் சேனல் சுவிட்சின் மேல்தான் விழ வேண்டும். இவ்வளவும் கருவி எதுவுமின்றிக் கண்ணாலேயே கண்டுபிடிக்கக்கூடியவை.

எண் முழுக்க இருண்டிருந்தாலும் காரணம் பெரும்பாலும் எளியது. டிஸ்ப்ளே தனிச் சிறு போர்டில் உட்கார்ந்து ஒயர்களால் பெரிய போர்டோடு இணைந்திருக்கும். ஆண்டுக்கணக்கில் லாரியில் குலுங்கி, வெயிலில் சூடேறிக் குளிர்ந்தால் டிரை சோல்டர் விழும். ஒயர் அடியில் முறியும். எண்ணுக்கு மின்சாரம் தரும் ரெசிஸ்டர் கருகும். மின் இணைப்பைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரை டயோடு நிலையில் வைத்துத் தொட்டால், நல்ல எல்.இ.டி. கோடு மங்கலாகவாவது எரியும். எரிந்தால் எல்.இ.டி.யைக் குறை சொல்லாமல் அதற்கு முன்னால் உள்ளவற்றைத் தேட வேண்டும்.

இந்த நம்பிக்கையால் வரும் கேடு, செட்டைத் தூக்கி எறிவதோடு முடிவதில்லை. மூளை போயிற்று என்று நம்புகிறவர் ஒன்றும் தெரியாமல் ஐ.சி.யைப் பிடுங்குகிறார், போர்டின் செம்புத் தடம் அதோடு உரிந்து வருகிறது. இன்னொருவர் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் காயில்களின் கோர்களைத் திருகுகிறார். எண்ணுக்கும் காயிலுக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் தொழிற்சாலையில் வைத்த அலைன்மென்ட் அத்தோடு கலைகிறது. மூன்றாமவர் கையில் கிடைத்த எண்ணெய் ஸ்ப்ரேயை சுவிட்சுக்குள் அடிக்கிறார். அந்தப் பிசுக்கில் தூசு ஒட்டிப் பழுது பெருகுகிறது. பிளாஸ்டிக்கைக் கெடுக்காத கான்டாக்ட் கிளீனரைக் கொஞ்சம் விட்டு, குமிழை இருபுறமும் பலமுறை திருப்பினாலே சரியாகியிருக்கக்கூடிய செட் அது. எண்ணால் கெட்டதைவிட இந்தக் கைகளால் கெட்ட செட்டுகளுக்காகத்தான் நான் அதிகம் வருந்துகிறேன்.

உதிரிப் பாகம் கிடைக்காதே என்பார்கள். ஏழு கோட்டு எல்.இ.டி. இன்றும் தயாராகும் சாதாரணப் பொருள். காமன் ஆனோடா, காமன் கேத்தோடா, உயரம் எவ்வளவு, கால்களின் வரிசை எப்படி என்று பார்த்து வாங்கினால் போதும். கால்வரிசை மாறினாலும் சிறு ஒயர்களால் சரிக்கட்டலாம். சர்க்யூட் தெரியாதே என்பார்கள். அக்காலத்தில் பல நிறுவனங்கள் பயனர் கையேட்டோடு சர்க்யூட் படத்தையும் தந்தன. பழுதுநீக்குக் கையேடுகளான சாம்ஸ் ஃபோட்டோஃபேக்ட் வரிசையில் சி.பி. செட்டுகளுக்கென்றே தனிப் புத்தகங்கள் வெளிவந்தன. திறந்து பார், பழுது நீக்கு என்று உரிமையாளரை நம்பிச் செய்த பொருள்கள் இவை.

பிற்கால செட்டுகள் சிலவற்றில் நிலைமை வேறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்த மாடலுக்கென்றே செய்த எல்.சி.டி. திரை, அதை இயக்கும் மைக்ரோப்ராசசர் என்று வந்தபின் திரை கெட்டால் மாற்றுத் திரை கிடைப்பது கடினம். ஆனால் அந்தச் சிலவற்றின் தலைவிதியைப் பழைய எல்.இ.டி. செட்டுகள் எல்லாவற்றின் மேலும் சுமத்தக்கூடாது. மாடலுக்கு மாடல் அமைப்பு மாறும். தீர்ப்பும் அதைப் பார்த்த பிறகே வர வேண்டும்.

டிஸ்ப்ளே கெட்ட செட்டை உதிரிப் பாகத்துக்கு மட்டும் என்று விற்பவர்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. முதலில் குரல் வருகிறதா என்று பாருங்கள். எட்டாம் சேனலில் கோடுகளைப் பாருங்கள். பிறகு 9ஐயும் 19ஐயும் ஒப்பிடுங்கள். சோல்டரையும் ஒயரையும் சுவிட்சையும் சோதித்தபின் ஐ.சி.யைப் பற்றிப் பேசுங்கள். இந்த வரிசையில் போகாத எவருக்கும் ஒரு ரேடியோவைச் செத்தது என்று அறிவிக்கும் உரிமை கிடையாது.